சொந்தமாகக் கோத்த சைக்கிள்: ஓட்டிப் பார்த்தால்தான் தெரிபவை

பழைய 22 இன்ச் ஸ்டீல் ஃப்ரேம் வீட்டில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) வண்டியின் ஃப்ரேம் ஒன்றில்தான் என் கியர் சைக்கிள் ஓடுகிறது. திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை ஏற வேண்டும், அதுவும் மூட்டை முடிச்சோடு. அதற்காகவே கோத்தது.

அதிகம் யோசிக்க வைத்தது சக்கரம். நம் ஊர் 28 இன்ச் ரிம் கம்பி பிரேக்குக்கென்றே செய்தது. பிரேக் கட்டை ரிம்மின் உள்வட்டத்தைத்தான் பிடிக்கும். கேலிப்பர் பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் இடுக்கி போலப் பிடிப்பது) கவ்வத் தட்டையான பக்கச்சுவர் அதில் கிடையாது. அதனால் 700சி என்ற அளவு ரிம்முக்கு மாறினேன். டயர் உட்காரும் விட்டம் பழையதில் 635 மி.மீ., இதில் 622. அதாவது பிரேக் மாட்டும் இடத்தில் இருந்து ரிம் இன்னும் ஆறரை மி.மீ. விலகிப் போகும். கை நீளமான கேலிப்பராகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஹப்பையே (சக்கரத்தின் நடுக்குடம்) வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் சிரமம்: அதில் போக்ஸ் கம்பிக்கு முன்னால் 32 ஓட்டை, பின்னால் 40; ரிம்மிலும் அதே எண்ணிக்கை வேண்டும்.

பின் ஃபோர்க் இடைவெளி 110 மி.மீ.தான் இருந்தது. ஆறு கியர் ஹப்புக்கு 126 வேண்டும். ஸ்டீல் என்பதால் விரிக்கலாம்; அலுமினியம் ஃப்ரேமில் அந்த வேலையே கூடாது. பட்டறை அண்ணன் விரித்து முடித்ததும், அச்சு உட்காரும் பள்ளத்தில் ஒரு நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பள்ளத்தில் கட்டினார். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் 2 மி.மீ. கூடுதல். மறுபடி ஒரு அழுத்து. “இதப் பாக்காம வீல மாட்டுனா வண்டி ஒரு பக்கமாவே இழுக்கும் தம்பி” என்றார்.

முதல் ஓட்டத்தில் தெருமுனை தாண்டுவதற்குள் சக்கரத்தில் ‘டிங், டிங்’ என்று சத்தம் வரும். பயப்படாதீர்கள். நிப்பிளை (போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) திருகும்போது போக்ஸ் கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்த முறுக்கு விடுபடுகிறது, அவ்வளவுதான். சத்தம் நின்றதும் இறங்கி மறுபடி கோட்டம் பாருங்கள்.

வெறும் வண்டியை ஓட்டிவிட்டு ‘சூப்பர்’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பையை மாட்டினால் அது வேறு வண்டி. மிதிக்கும்போதெல்லாம் குதிகால் பையில் இடித்தது. பையை நாலு விரல் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் லேசாகிவிட்டது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது ஹேண்டில் அலைந்துகொண்டே இருந்தது. முன் ஃபோர்க்கில் பாட்டில் கூடு மாட்டித் தண்ணீரை அங்கே கொண்டுபோன பிறகே அடங்கியது. கியர் என்ன என்று கேட்பீர்கள்: முன்னால் 44 பல், பின்னால் பெரியது 28. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். பழைய 18 பல்லில் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று வரும். அதை வைத்துக்கொண்டு இந்த மலையில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

*

வாசகர் ஒருவர்: அண்ணா, போக்ஸ் கம்பி சத்தம் சரி. மிதிக்கும்போது மட்டும் ‘கடக்’ என்று வந்தால் காட்டர் பின்னை (பெடல் கையான கிராங்கை அச்சில் பிடித்து வைக்கும் ஆப்பு) பாருங்கள். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர், மரை போய்விடும். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் இறக்கிவிட்டு, நட்டைச் சும்மா பிடித்து வைத்தால் போதும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும். இல்லையென்றால் பெடல் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது.

*

இன்னொரு வாசகி: நான் குள்ளம். சின்ன ஃப்ரேமில் 700சி போட்டுத் தரச் சொன்னேன். நேர்ரோட்டில் ஒரு குறையும் இல்லை. தெருவுக்குள் மெதுவாக யூ-டர்ன் எடுத்தால் செருப்பு நுனி முன் மட்கார்டில் போய் முட்டும்! வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது என்பதால் இது தெரியவே தெரியாது. ஆகவே ஃப்ரேம் முடிவாகும்முன், யாரிடமாவது அதே அளவு வண்டியை வாங்கி, சந்துக்குள் எட்டு போட்டுப் பாருங்கள். இப்போது 26 இன்ச் சக்கரத்துக்கு வேறு ஃப்ரேம் சொல்லியிருக்கிறேன். அண்ணா, அந்த முன் ஃபோர்க் கூட்டை ஓட்டை போட்டு மாட்டினீங்களா, கிளாம்ப் வைத்தா?

*

என் பதில்: கிளாம்ப்தான்மா. ஃபோர்க்கில் ஓட்டை மட்டும் போட்டுடாதீங்க.