கலைச்சொல் தேவை: தீவு வரைபடத்தில் ‘லேண்டிங்’

நண்பர்களே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்துக்குத் தமிழில் சிறு கையேடு எழுதுகிறேன். ஞாயிறு காலை அக்கா மகனின் விளையாட்டுக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். தீவு வரைபடத்தில் மாட்டிக்கொண்டேன். குதிரைப்படை எவ்வளவு இருந்தாலும் அங்கே கடலைத் தாண்டாமல் பயனில்லை. கப்பலில் ஏற்றிப்போய், எதிரியின் துறைக்கு நேராக இல்லாமல், புறக்கடைப் பக்கமாக இறக்க வேண்டும். கூடவே கட்டடம் கட்டும் வில்லேஜர்கள் இரண்டு பேரும் போனால் அங்கேயே கோட்டை எழுப்பலாம். இந்த ‘லேண்டிங்’குக்குத் ‘தரையிறக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
— கோவை

விமானம் தரையிறங்கும். கடலிலிருந்து கரைக்கு ஏறித்தானே போகிறோம்? கரையேற்றம்.
— நெல்லை

ஐயா, எங்கள் வீட்டில் கரையேற்றுவது என்றால் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது. ‘இருபது குதிரைவீரர்களைக் கரையேற்றினான்’ என்று படித்தால் பந்தி எங்கே என்று கேட்பார்கள்.
— மதுரை

எங்கள் பக்கம் கடல்வழி வந்து இறங்கும் படைக்கும் தரையிறக்கம் என்றுதான் சொல்வது. செய்திகளில் கேட்டுப் பழகின சொல். விமானம் வேண்டியதில்லை.
— யாழ்ப்பாணம்

வழக்கு வேறு, பொருத்தம் வேறு. கரையேற்றத்தில் மீட்சிப் பொருளும் உண்டு. ஆட்டத்தில் ஆள் ஏற்றும் அந்தக் கப்பலில் முதலில் 5 பேர்தான். துறையில் இரண்டு மேம்பாடும் செய்தபின் 20 பேர். நடுக்கடலில் தீக்கப்பல் மறித்து மூழ்கடித்தால் அத்தனை பேரும் போச்சு. துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் போனவர்களுக்குத் தெரியும், கரை சேர்வது மீட்சியா இல்லையா என்று. அப்புறம், ‘போக்குவரத்துக் கப்பல்’ என்றால் பேருந்துப் பணிமனைதான் நினைவுக்கு வருகிறது. குகனைக் கம்பன் ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’ என்கிறான். ஆளை அக்கரை சேர்ப்பது அம்பி. அதையே வைக்கலாமே.
— நெல்லை

வைக்கலாம். ‘அம்பி மூழ்கினான்’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள்.
— மதுரை

ஆட்டத்தில் 2022இல் வந்த திராவிடர் நாகரிகத்துக்குத் ‘திரிசடை’ என்றே ஒரு தனிக் கப்பல் இருக்கிறது. ஆனால் அது போர்க்கப்பல், ஆள் ஏற்றாது.
— சென்னை

திரிசடை வீடணன் மகள். அசோகவனத்தில் சீதைக்குக் கனவு சொன்னவள். அவள் எப்போது கப்பலானாள்?
— நெல்லை

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், தயவுசெய்து. எனக்கு இன்றிரவு கோப்பு போக வேண்டும். தரையிறக்கத்துக்கு மூன்று பேர், கரையேற்றத்துக்கு ஒருவர். மதுரைக்காரரை நம் பக்கம் கணக்கு வைத்திருக்கிறேன். கப்பலுக்கு ‘ஏற்றுக்கப்பல்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.
— கோவை

ஏற்றுகப்பல். வினைத்தொகையில் வலி மிகாது. என் பிரதியில் அதையும் திருத்தி, கரையேற்றம் என்றும் மாற்றிக்கொண்டேன். நான்காம் பக்கத்தில், கப்பல் கட்டும் ‘டாக்’கைத் துறைமுகம் என்று போட்டிருக்கிறீர்களே, ஒற்றைக் கட்டடத்துக்கு எதற்கு முகம்? துறை போதாதா?
— நெல்லை