மொச்சை வேகாத ஞாயிற்றுக்கிழமை

குழு: அப்பத்தா வீடு

ஞாயிறு

காலை 10:42
நான்: பெரியம்மா, கையில் போன் இருக்கிறதா? மொச்சை வேகவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போட்டேன். காலையில் நான்கு விசில் விட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. மறுபடி ஐந்து விசில் விட்டும் தோல் ரப்பர் மாதிரி இழுக்கிறது. ஒரு மணிக்கு இவருடைய அப்பாவும் அம்மாவும் சாப்பிட வருகிறார்கள்.

10:43
நான்: (படம்)
நெத்திலிக் கருவாட்டைக் கழுவி வைத்துவிட்டேன். கத்தரிக்காயும் நறுக்கியாயிற்று. மொச்சை மட்டும்தான் பாக்கி.

10:47
பெரியம்மா: புளி ஊற்றிவிட்டாயா தாயி?

10:47
நான்: ஆமாம். முதல் தடவையே புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மஞ்சள் எல்லாம் சேர்த்துத்தான் குக்கரை மூடினேன். ஒரே வேலையாக முடியட்டும் என்று நினைத்தேன்.

10:49
பெரியம்மா: அங்கேதான் தப்பு. புளி பட்டால் மொச்சை இறுகிக்கொள்ளும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் இளகுவது கஷ்டம். எந்தப் பயறாக இருந்தாலும் வெறும் தண்ணீரில் வெந்த பிறகுதான் புளியோ தக்காளியோ காட்ட வேண்டும்.

10:50
அத்தை (கோவை): பயப்படாதே கண்ணு, நேரம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை வடித்துத் தனியாக வை, அதுதான் குழம்புக்கு. மொச்சையை இரண்டு தடவை அலசு. புதுத் தண்ணீர் ஊற்றி, ஆப்ப சோடா இரண்டு விரலில் எடுத்த அளவு மட்டும் போடு. கூடப் போட்டால் சோப்பு வாடை வரும், சத்தும் போகும்.

10:51
பெரியம்மா: குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மொச்சை நுரை கட்டி விசிலை அடைக்கும். ஒரு கரண்டி எண்ணெய் விடு. ஐந்து விசில் வந்ததும் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும் வரை திறக்காதே. அடங்கும் நேரத்திலும் அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

10:52
சித்தப்பா: குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா?

10:53
நான்: போர் தண்ணீர்தான் சித்தப்பா. ஊறவைத்ததும் அதில்தான்.

10:53
சித்தப்பா: இந்தத் தடவை கேன் தண்ணீர் ஊற்று. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

11:40
நான்: வெந்துவிட்டது! விரலில் வைத்து அழுத்தினால் நசுங்குகிறது. சிலது தோல் உரிந்துவிட்டது, பரவாயில்லை. குழம்பு தனியாகக் கொதிக்கிறது. கத்தரிக்காயும் கருவாடும் போட்டுவிட்டேன்.

11:41
பெரியம்மா: மொச்சையைக் கடைசியில் போட்டு ஒரு பத்து நிமிடம் சிறு தீயில் வை. காரமும் புளியும் உள்ளே இறங்கட்டும். உப்பைக் கருவாடு வெந்த பிறகு பார்த்துப் போடு.

மாலை 4:15
நான்: எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். மாமா இரண்டாவது தடவை சோறு வாங்கினார். பெரியம்மா, அத்தை, சித்தப்பா, மூன்று பேருக்கும் நன்றி. இப்போது காரணம் சொல்லுங்கள் சித்தப்பா.

4:31
சித்தப்பா: உன் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?

4:31
நான்: ஆமாம், மாதம் ஒரு தடவை சுரண்டுகிறேன்.

4:38
சித்தப்பா: அதுதான் மொச்சையையும் பிடித்துவைத்தது. பயறின் தோலிலும் உள்ளே செல்களுக்கு நடுவிலும் பெக்டின் என்று ஒரு பசை இருக்கிறது. அது கரைந்தால்தான் பயறு இளகும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை இறுக்கிக் கட்டிப்போடுகின்றன. புளியில் இருக்கும் அமிலமும் பசையைக் கரையவிடாது. நீ இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். ஆப்ப சோடா அமிலத்துக்கு எதிர், அதனால் பசையைச் சீக்கிரம் கரைக்கிறது.

4:44
பெரியம்மா: என் அத்தை, உன் அப்பத்தா, பக்கத்தில்தான் இருக்கிறார்கள், படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதை அப்படியே போடுகிறேன். "நம் வீட்டுக் கிணறு உப்புத் தண்ணீர். குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் கிணறுதான். பருப்பும் பயறும் வேகவைக்க மட்டும் ஊருணித் தண்ணீர். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் கொண்டுவருவேன். சோறு பொங்கக் கொஞ்சம் குறைந்தாலும் மொச்சைக்கு எடுத்து வைத்துவிடுவேன்."

4:46
சித்தப்பா: எனக்கும் நினைவு இருக்கிறது. நான் கல்லூரியில் வேதியியல் எடுத்துப் படித்ததை அம்மா குடம் தூக்கித் தெரிந்துவைத்திருந்தார்கள்.

4:48
அத்தை (கோவை): அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். உப்புத் தண்ணீரில் வேகாது என்கிறோம். ஆனால் போன வாரம் உப்புப் போட்டு ஊறவைக்கச் சொன்னீர்கள். கொண்டைக்கடலையை அப்படிச் செய்தேன், பஞ்சாக வெந்தது. எது சரி?

4:57
சித்தப்பா: இரண்டும் சரி. நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் பயறை வேகவிடாமல் செய்வது சுண்ணாம்பும் மக்னீசியமும்தான். சமையல் உப்பில் இருப்பது சோடியம். ஊறும்போது சோடியம் தோலுக்குள் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சோடியத்தால் பசையை இறுக்க முடியாது. அதனால் தோல் மெத்தென்று வேகும், அதிகம் வெடிக்கவும் செய்யாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலச வேண்டும், கருவாட்டுக் குழம்பு என்றால் இன்னும் நன்றாக.

4:59
பெரியம்மா: ஊறின தண்ணீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும். வயிற்றில் வாயு பிடிக்கும்.

5:00
சித்தப்பா: ஆமாம் அண்ணி. வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் கொஞ்சம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். முழுக்கப் போகாது, மிச்சத்துக்குப் பெருங்காயமும் பூண்டும் இருக்கவே இருக்கின்றன.

5:06
பெரியம்மா: மொச்சை எப்போது வாங்கியது தாயி? நான் கொடுத்ததா?

5:07
நான்: நீங்கள் போன வருடம் கொடுத்ததுதான். பிளாஸ்டிக் டப்பாவில் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தேன்.

5:10
பெரியம்மா: அதுவும் சேர்ந்துகொண்டது. தையில் பச்சை மொச்சை முடிந்து, காய் முற்றிக் காய்ந்து வருவதுதான் கொட்டை. ஒரு மழைக்காலம் தாண்டினாலே இறுகும். அடுப்புச் சூடும் ஈரமும் படும் இடத்தில் வைத்தால் இன்னும் மோசம். அப்படி இறுகினதை ஊறவைத்தாலும் முழுசாக இளகாது. வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வை. ஊறவைக்கும்போது மிதப்பதை எடுத்துப் போட்டுவிடு, அது வண்டு துளைத்தது.

5:12
அத்தை (கோவை): இங்கே தட்டைப்பயறை ஊறவைப்பதே இல்லை. வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, கழுவிக் குக்கரில் போட்டுவிடுவோம். அது தோல் மெல்லிசு. மொச்சைக்கு வறுப்பது மட்டும் போதாது, ஊறத்தான் வேண்டும்.

இரவு 8:20
தம்பி (குன்னூர்): இப்போதுதான் எல்லாம் படித்தேன். நானும் நாளைக்கு ராஜ்மா செய்யப் போகிறேன். அறை நண்பனிடம் ஸ்லோ குக்கர் இருக்கிறது. ராத்திரி குறைந்த சூட்டில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வெந்திருக்கும். டப்பாவில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம்.

8:21
சித்தப்பா: வேண்டாம்.

8:21
சித்தப்பா: அழைக்கிறேன், எடு.

8:34
சித்தப்பா: மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். மொச்சை வேகாவிட்டால் குழம்புதான் கெடும். சிவப்பு ராஜ்மா அரைகுறையாக வெந்தால் ஆளையே படுக்கவைக்கும். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பச்சையாக நான்கைந்து கொட்டை போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் அழியாது. 80 டிகிரியில் வெந்த ராஜ்மா பச்சையை விட மோசமாகவும் ஆகலாம். பார்த்தால் மெத்தென்று வெந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

8:36
தம்பி (குன்னூர்): சரிப்பா. சட்டியில் கொதிக்கவைத்தால்?

8:39
சித்தப்பா: குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீ பார்க்கும் கொதிப்பு மதுரைக் கொதிப்பு இல்லை. மலையில் பயறு வேக நேரம் எடுப்பதும் அதனால்தான். பிரஷர் குக்கர்தான் சரி, அதற்குள் 100 டிகிரியைத் தாண்டிப் போகும். ராத்திரி முழுக்க ஊறவை, தண்ணீரைக் கொட்டு, புதுத் தண்ணீரில் ஆறு விசில், பிறகு பத்து நிமிடம் சிறு தீ. தக்காளி அதற்குப் பிறகு.

8:40
பெரியம்மா: குக்கர் இல்லாவிட்டால் வாங்கிக்கொள் தம்பி. மூன்று லிட்டர் போதும். நான் பணம் அனுப்புகிறேன்.

8:41
தம்பி (குன்னூர்): குக்கர் இருக்கிறது பெரியம்மா, சின்னது. இப்போதே ஊறப்போடுகிறேன். பாதிக்கு மேல் போடமாட்டேன்.

அடுத்த ஞாயிறு

மதியம் 12:05
நான்: அதே டப்பா மொச்சையை இரண்டு கிண்ணத்தில் ஊறவைத்தேன். ஒன்று போர் தண்ணீர். இன்னொன்று கேன் தண்ணீரும் கல் உப்பும். காலையில் அலசி, அதே தண்ணீர் வகையில் தனித்தனியாக ஐந்து விசில் விட்டேன். (படம்) இடது பக்கம் போர் தண்ணீர், தோல் சுருங்கி அழுத்தமாக இருக்கிறது. வலது பக்கத்தில் ஒரு தோலும் விறைப்பாக இல்லை. ஒன்றிரண்டு கொட்டை மட்டும் கடிபடுகிறது.

12:09
சித்தப்பா: பழையது, அந்த ஒன்றிரண்டு அப்படித்தான் இருக்கும். நன்றாகச் செய்திருக்கிறாய்.

12:15
பெரியம்மா: உன் அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "வலது பக்கம்தான் ஊருணி" என்கிறார்கள். தை முடிந்து புதுக் கொட்டை வந்ததும் இரண்டு கிலோ பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். அதுவரைக்கும் இதைத் தீர்த்துவிடு.

12:16
தம்பி (குன்னூர்): எனக்கும் ஒரு கிலோ பெரியம்மா.