பி = 0.04 என்றால் ஆதரவுத் திட்டம் பலிக்கிறது என்று அர்த்தமா?

யீஷூன்_ரவி கேட்டது:
மீட்புப் பணியாளர்களுக்கான சக ஊழியர் ஆதரவுத் திட்ட ஆய்வுகளை எப்படிப் படிப்பது என்று எங்கள் வாசிப்புக் குழுவில் விவாதம். கணக்குக்காக இரண்டு ஆய்வுகளை வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை அளக்கும் பிசிஎல்-5 கேள்வித்தாள் (புள்ளி கூடினால் உளைச்சல் கூடுதல்), திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 14. முதலாவதில் திட்டம் பெற்ற குழு, பெறாத குழு என்று குழுவுக்கு 400 பேர், சராசரி வித்தியாசம் 2 புள்ளி, பி 0.04. இரண்டாவதில் குழுவுக்கு 15 பேர், வித்தியாசம் 8 புள்ளி, பி 0.13. முதலாவது பலிக்கிறது, இரண்டாவது பலிக்கவில்லை என்று சொல்லலாமா?

புள்ளியியல்_மாலா:
சொல்லக்கூடாது ரவி. திட்டத்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்புதான் பி. "96% பலிக்கும்" என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பை, போட்டுப் பாருங்கள். முதலாவதுக்கு 0.06 முதல் 3.94 வரை. பிசிஎல்-5 மொத்தம் 80 புள்ளி. ஒருவர் நிலை உண்மையிலேயே மாறியது என்று சொல்ல 10 புள்ளி மாற்றத்தைப் பலரும் அளவாகக் கொள்கிறார்கள். அது தனிநபருக்கான அளவுதான், குழுச் சராசரிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சராசரி 2 புள்ளி என்பது சின்ன மாற்றமே. இரண்டாவதுக்கு -2.5 முதல் 18.5 வரை. பெரிய பலனும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அது தோற்றுப்போன திட்டம் அல்ல, இன்னும் தீர்ப்பு வராத திட்டம்.

நம் ஊரில் இது அடிக்கடி வரும் சிக்கல். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை அனுப்பிய ஆபரேஷன் லயன்ஹார்ட் குழுவில் 68 பேர். அந்த அளவுக் குழுவை 34, 34 ஆகப் பிரித்து ஒப்பிட்டால், உண்மை வித்தியாசம் கிட்டத்தட்ட 10 புள்ளி இருந்தால்தான் 80% வாய்ப்பில் பி வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வரும். 5 புள்ளிப் பலன் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும்.

ரோட்டா_கணக்கர்:
மாலா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் ஆய்வில் திட்டத்தை ஆளாளுக்குக் கொடுத்தார்களா, நிலையம் நிலையமாகக் கொடுத்தார்களா? ஒரே ரோட்டாவில் (பணிமுறைக் குழுவில்) இருப்பவர்கள் ஒரே தீயைப் பார்க்கிறார்கள், ஒரே கமாண்டரின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்கள் மதிப்பெண்ணும் ஒன்றையொன்று ஒட்டியே போகும். 20 நிலையங்கள், நிலையத்துக்கு 40 பேர், உள்தொடர்பு (ஒரே நிலையத்தார் மதிப்பெண்கள் ஒட்டிப்போகும் அளவு) வெறும் 0.02 என்றாலே, அதனால் ஆள்கணக்கை வகுக்க வேண்டிய பெருக்குக் காரணி 1 + 39 × 0.02 = 1.78. 800 பேர் 449 பேருக்குத்தான் சமம். 0.04 என்றிருந்த பி 0.13-க்குக் குறையாது! ஆய்வின் முறையியல் பகுதியில் இந்தத் திருத்தம் இல்லையென்றால் அந்த 0.04-ஐ நான் நம்பமாட்டேன்.

யீஷூன்_ரவி:
நன்றி. பிசிஎல்-5 மதிப்பெண் 33-ஐத் தாண்டியவர்களை மட்டும் எண்ணி ஒப்பிட்டால் தெளிவாக இருக்குமா?

புள்ளியியல்_மாலா:
தெளிவு குறையும். 31 முதல் 33 வரையிலான எல்லை, யாரை மேற்கொண்டு பரிசோதிக்கலாம் என்று வடிகட்டத்தான். 32-ஐயும் 34-ஐயும் வெவ்வேறு பெட்டியில் போட்டால் தகவல் வீணாகும். முழு மதிப்பெண்ணையே ஒப்பிடுங்கள். அதோடு, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்ற எண்ணைத் தேடுங்கள். மிகவும் நொந்தவர்கள் மருத்துவ விடுப்பிலோ வேலையை விட்டோ போயிருந்தால், மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாகவே நன்றாகத் தெரியும். அதை எந்தப் பி மதிப்பும் காட்டிக்கொடுக்காது.