கடைக்காரன் விட்ட பிழைக்கு நான் திருடனா?

லிந்துலைக்காரன்:
நேற்று நம் வாத்தியார் இங்கே "தள்ளுபடிக் கோட் பிழை என்று தெரிந்தே பொருள் வாங்குவது பகல் திருட்டு" என்று எழுதியிருந்தார். பெயர் போடாவிட்டாலும் யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். நடந்தது இதுதான். கொழும்பில் உள்ள ஒரு ஒன்லைன் கடை 10 வீதத் தள்ளுபடி என்று ஒரு கோட் விட்டது. போட்டுப் பார்த்தால் 90 வீதம் கழிகிறது. 14,500 ரூபா ரைஸ் குக்கர் 1,450 ரூபா! மூன்று எடுத்தேன். பொருள் வந்தது, காசும் கொடுத்தாயிற்று. இப்போது கோல் எடுத்து மிச்சத்தைக் கட்டு, இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்கிறார்கள். நான் யாருடைய கணினியையும் உடைக்கவில்லை. அவர்களே முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட கோட். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

நுவரெலியா வாத்தியார்:
ஒன்று வாங்கியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் தம்பி. மூன்று எதற்கு?

லிந்துலைக்காரன்:
அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. நேற்று ஒன்று வாங்கினாலும் திருட்டு என்றீர்களே, இன்றைக்கு ஒன்றுக்கு மன்னிப்பா?

நுவரெலியா வாத்தியார்:
பேச்சை மாற்றாதே. 10 வீதம் என்று எழுதியிருக்கிறது, 90 கழிகிறது. ஒன்று வாங்கும்போது "அட, ஏதோ சலுகை" என்று நினைத்தேன் என்று சொல்லலாம். மூன்றாவதை அமுக்கும்போது பிழை என்று உனக்கு நன்றாகத் தெரியும். என் டியூஷன் பிள்ளைகளுக்கே தெரியும். 90 வீதம் கட்டினால் போதும் என்று நினைத்து எவனோ தள்ளுபடிப் பெட்டியில் 90 என்று அடித்திருக்கிறான். அவ்வளவுதான்.

நானுஓயா அக்கா:
கடைக்காரனுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இத்தனை கிலோ, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழித்தார்களே, அப்போது எங்கே போனது இந்த நேர்மை? கழித்த கிலோவால் நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். நாள் சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை காத்துக்கிடந்த சனம் நாங்கள். அவர்கள் கணக்குப் பிழைத்தால் ஒருவராவது நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து காசைத் திருப்பித் தந்தாரா?

நுவரெலியா வாத்தியார்:
அக்கா, அந்தக் குக்கரைத் தோட்டத்துரையா விற்றார்? எதை எடுத்தாலும் கொழுந்துக் கூடைக்குள் போட்டுவிடுகிறீர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூன்று எதற்கு?

நானுஓயா அக்கா:
என் அம்மா கொழுந்து எடுத்த கை. கூடையைப் பற்றி நீங்கள் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

பதுளை குமாஸ்தா:
சட்டம் தெரியாமல் சண்டை பிடிக்காதீர்கள். சிங்கப்பூரில் 2003இல் இதே கதை நடந்தது. 3,854 டொலர் லேசர் பிரிண்டர் பிழையாக 66 டொலர் என்று இணையத்தில் ஏறிவிட்டது. ஆறு நண்பர்கள் ராவோடு ராவாக ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி 1,606 பிரிண்டர் ஓடர் போட்டார்கள். கடை கொடுக்க மறுத்தது, இவர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2005இல் மேன்முறையீட்டிலும் தோல்விதான். விலை பிழை என்று தெரிந்தே பாய்ந்து பிடித்தவனுக்கு ஒப்பந்தமே இல்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இங்கே நம்மைக் கட்டாது. ஆனால் நம்முடைய 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான், சிங்கப்பூர்ச் சட்டத்தின் வேரும் அதுதான்.

நுவரெலியா வாத்தியார்:
கேட்டாயா தம்பி! 1,606! எண்ணிக்கையை வைத்துத்தான் ஆளுடைய மனதைப் பிடித்திருக்கிறார்கள். நான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்கிறேன்.

பதுளை குமாஸ்தா:
எண்ணிக்கையை மட்டும் வைத்து இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளும் சாட்சியாக வந்தன.

நுவரெலியா வாத்தியார்:
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

பதுளை குமாஸ்தா:
இல்லை ஐயா. போன மாதமும் காணி உறுதி விஷயத்தில் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சு என்றீர்கள்.

லிந்துலைக்காரன்:
1,606ஐயும் மூன்றையும் ஒரே தராசில் வைக்கும் கணக்கு வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன். அதோடு அவர்களுக்குப் பொருளே கிடைக்கவில்லை. எனக்குக் கடையே பார்சல் கட்டி அனுப்பியது. கட்டும்போது பில்லைப் பார்க்கவில்லையா?

ஹட்டன் கூரியர்:
பார்சல் கட்டுகிற பிள்ளை விலையா பார்க்கும்? முகவரியைப் பார்க்கும், ஒட்டும், அடுத்தது. இந்த மாதிரிப் பிழைக்கு முதலாளி தன் கையிலிருந்து போட மாட்டார், கணினியில் அடித்தவனின் சம்பளத்தில்தான் கை வைப்பார். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நானுஓயா அக்கா:
சம்பளத்தில் கை வைத்தால் அது முதலாளி செய்யும் அநியாயம். அதற்கும் நாங்களா பொறுப்பு?

நுவரெலியா வாத்தியார்:
கூரியர் தம்பி சொல்வது இருக்கட்டும். மூன்றாவது குக்கருக்கு இன்னும் பதில் வரவில்லை. மார்க்கெட்பிளேஸில் 9,000 ரூபாவுக்கு "பெட்டி பிரிக்காதது, லிந்துலை" என்று ஒன்று கிடக்கிறதே, அது யாருடையது?

லிந்துலைக்காரன்:
என் அக்கா தன் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்றாள். சும்மா வைத்திருக்கவா சொல்கிறீர்கள்?

நுவரெலியா வாத்தியார்:
ஆஹா! 1,450க்கு எடுத்து 9,000க்கு. இதற்கு என்ன பெயர்?

லிந்துலைக்காரன்:
ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு உங்கள் மேல்மாடி அறையை என்ன விலைக்கு விடுகிறீர்களோ, அதே பெயர். என் மச்சான் போன சீசனில் வந்து நின்றபோது சாதாரண நாள் வாடகையைப் போல் மூன்று மடங்கு வாங்கினீர்கள். சுடுதண்ணீரும் வரவில்லை.

நுவரெலியா வாத்தியார்:
விலையை முன்கூட்டியே சொல்லித்தான் வாங்கினேன்! உன் மச்சான் ஒத்துக்கொண்டுதான் சாவியை வாங்கினார். கீசர் மதியமே பழுதாகிவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய? நாலு பேர் என்று சொல்லி ஏழு பேரோடு வந்து இறங்கியதை அவர் உன்னிடம் சொன்னாரா? மெத்தை, போர்வை எல்லாம் யார் கொடுத்தது?

நானுஓயா அக்கா:
ரசீது கொடுத்தீர்களா?

நுவரெலியா வாத்தியார்:
சொந்தக்காரப் பொடியனுக்கு ரசீதா அக்கா?

லிந்துலைக்காரன்:
எப்போதிருந்து சொந்தம்?

ஹட்டன் கூரியர்:
ஒரு விஷயம். திங்கட்கிழமை லிந்துலைப் பக்கம் வருவேன். திருப்பி அனுப்புவதாக இருந்தால் பெட்டியோடு வையுங்கள். பெட்டி இல்லாமல் கடை எடுக்காது.

லிந்துலைக்காரன்:
அனுப்புவதாக யார் சொன்னது? அதோடு இரண்டு பெட்டியை அம்மா அடுப்பு மூட்டப் போட்டுவிட்டார்.

நுவரெலியா வாத்தியார்:
1,450க்கு ரைஸ் குக்கர் வந்த வீட்டில் இன்னும் விறகு அடுப்பா?