ஸாவுக்கு வராத கார்டு: ஜாஸ் பியானோ பழகிய மூவரின் அனுபவங்கள்

நாற்பதைத் தாண்டித்தான் ஜாஸ் பியானோ பக்கம் வந்தேன். அதுவரை 61 கட்டை கீபோர்டில் ரிதம் ஓடவிட்டு, இடது கையில் மூன்று விரல் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) பிடித்து சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பிலேயே சார் ரிதத்தை அணைத்துவிட்டார். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது.

டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மூன்று கார்டு. ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களில் எழும் இந்த வரிசையை டூ-ஃபைவ்-ஒன் என்பார்கள். ஜாஸில் எங்கே திரும்பினாலும் இதுதான். ஒவ்வொன்றுக்கும் நான்கு சுரம் மனப்பாடம் செய்து, கையைத் தூக்கித் தூக்கி வைத்தேன், அதுவும் இடது கோடியில். சேற்றில் கால் வைத்த சத்தம். கீழ்ஸ்தாயியில் சுரங்களை நெருக்கினால் அப்படித்தான் குழம்புமாம்.

சார் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். இடது கையில் அடிச்சுரம், அதாவது கார்டின் பெயரில் இருக்கும் சுரம் மட்டும். வலது கையில் இரண்டே விரல்: அடிச்சுரத்திலிருந்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவது சுரம், ஏழாவது சுரம். மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாவது. என்ன செவன் என்று சொல்வது ஏழாவது. ஐந்தாவதைக் காது தேடவே தேடாது. டி மைனர் செவனுக்கு எஃப், சி. "இப்ப ஜி செவனுக்குப் போங்க. எந்த விரல் நகருது?" என்றார். எஃப் இருந்த இடத்தில் இருக்கிறது. சி மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறங்கி பி ஆகிறது. அடுத்த கார்டுக்கு பி நிற்கிறது, எஃப் இறங்கி ஈ ஆகிறது. அவ்வளவுதான். இரண்டு மாதம் கையைத் தூக்கியதெல்லாம் வீண்.

சிக்கல் வீட்டில். அம்மா பாட்டு கற்றவர். சி-யை ஸ என்று வைத்தால் எல்லாம் சங்கராபரணத்துச் சுரங்கள்தான், ஆனால் கடைசி கார்டில் நி அப்படியே தொங்குகிறது. சமையலறையிலிருந்து குரல் வந்தது: "நியில நிறுத்திட்டியேடா, ஸாவுக்கு வா." ஸ கீழே இடது கையில இருக்கும்மா என்றேன். "இருந்து என்ன, நி தானே காதுல விழுது?" உண்மையில் எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆறேழு வாரம் போனபின் ஒரு நாள் அந்த நி மேலே ஏறத் துடிப்பதை நிறுத்திவிட்டது. அம்மாவுக்கு இன்னும் நிற்கவில்லை.

* * *

நான் கிடாரிலிருந்து வந்தவன். எனக்குப் பாடப்புத்தகமே 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற ஜாஸ்காரர்களின் பாட்டு மெட்டுதான். முதல் எட்டு பாருக்குள் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) மேஜரில் ஒரு டூ-ஃபைவ்-ஒன், மைனரில் ஒன்று. ஈ மைனர் ஸ்கேலில் தலைகீழாகச் சொல்வேன். ஜாம் (ஒத்திகையில்லாமல் கூடி வாசிப்பது) ஒன்றுக்குப் போனபோது சாக்ஸஃபோன்காரர் சாதாரணமாக "ஜி மைனர்" என்று சொல்லி ஆரம்பித்துவிட்டார். பாட்டு முழுக்க நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. மேலே நண்பர் சொன்ன அதே இரண்டு விரல், ஈ-யும் பி-யும். சி மேஜர் செவன் முடிந்ததும் இரண்டையும், கறுப்பையும் சேர்த்து எண்ணி, ஒரு கட்டை இறக்குங்கள். சி மைனர் செவன் வந்துவிடும். அடுத்த டூ-ஃபைவ்-ஒன்னின் முதல் கார்டு அதுதான். இப்படியே இறங்கினால் ஆறு ஸ்கேல் சுற்றி வந்துவிடும். மீதி ஆறுக்கு ஒரு கட்டை தள்ளி ஆரம்பிக்க வேண்டும்.

* * *

கார்டு எனக்கு வந்துவிட்டது, தாளம்தான் வரவில்லை. மெட்ரனோமை (டிக் டிக் என்று தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60இல் வைத்து, டிக்குகளை நான்கு அடியில் மாறி மாறி இரண்டாவது, நான்காவது அடியாக எண்ணச் சொன்னார்கள். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை. பத்து நிமிடத்தில் டிக் சத்தமில்லாமல் முதல் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்றும் உட்கார்ந்தது.