கே-பாப் பொண்ணுங்க "அழகு"ன்னு எதைச் சொல்றாங்க? நேர்ல பார்த்ததைப் போடுங்க

கடலைமிட்டாய்
கவர் டான்ஸ் போட்டி. மேடையேற இருபது நிமிஷம். லெ செராஃபிம்ங்கிற கொரியப் பெண்கள் குழுவோட பாட்டுக்கு ஆடப்போற அஞ்சு பேர், எல்லாம் பதினாறு பதினேழு வயசு. ஒரே குஷன், அதான் தட்டிப் பூசற ஃபவுண்டேஷன் டப்பா, அஞ்சு கை மாறுது. ஷேடு 21. ஒருத்தி கண்ணாடியில தாடையைத் தூக்கிப் பார்த்துட்டு பக்கத்துல இருக்கிறவகிட்ட கேக்கறா: "மூஞ்சி முடிஞ்சுது. கழுத்தை என்னடி பண்றது?"

வெள்ளையடிச்ச சுவத்துல ஓரம் விட்டுப்போன மாதிரி கோடு. நான் அழகா இருக்கேனான்னு அவ கேக்கல. வேலை எங்க பாக்கி நிக்குதுன்னுதான் கேட்டா, மேஸ்திரி மாதிரி. அந்தக் குரல்தான் இன்னும் மண்டையில ஓடுது.

மணப்பாறைமுறுக்கு
"வெள்ளையடிச்ச சுவர்"ங்கிறதுல இருக்கிற நக்கல் தேவையா? 21-ஐ அந்தப் பசங்க தேடிப்போய் எடுக்கல. கொரியன் குஷன்னா ரொம்ப நாளா 13, 21, 23 இதுதான் வழக்கம். எண் ஏற ஏற நிறம் அடர்த்தி. 23-ஐயே அங்க கொஞ்சம் கறுப்புன்னு நினைப்பாங்க. டிர்டிர்ங்கிற கொரியக் கம்பெனி 2024-லதான் மொத்த ஷேடு எண்ணிக்கையை 30 ஆக்குச்சு, அதுவும் ஒரு கறுப்பினப் பொண்ணு போட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்தினதுக்கு அப்புறம். இங்க மட்டும் என்ன வாழுதாம்? ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேரை மாத்திக்கிச்சு. பொண்ணு பாக்க வர்றவங்க "நிறம் எப்படி"ன்னு கேக்கிறதை மாத்திக்கல.

பார்த்தது ஒண்ணு. ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க, ரெண்டு போன். ஒண்ணுல ஹோம்மா, அதான் ஐடல் பின்னாலயே போய்ப் படம் எடுக்கிற ரசிகை, எடுத்த படம்: பெரிய லென்ஸ், அப்புறம் எடிட்டிங்ல மஞ்சளைக் குறைச்சு வெளிச்சத்தை ஏத்தி, தோல் பால் மாதிரி. இன்னொண்ணுல அதே நாள், அதே டிரஸ், கெட்டி இமேஜஸ்ங்கிற போட்டோ ஏஜென்சி எடுத்த படம். பத்திரிகைக்குப் போற படம்ங்கிறதால யாரும் பூசி மெழுகல. சின்னவ ரெண்டு விரலால பெருசாக்கி, "முட்டியில காயம் பாரு"ன்னா. குத்தம் சொல்ற தொனியே இல்ல. ஏதோ புதையல் கிடைச்ச சந்தோஷம். கடைசியில அவ வால்பேப்பரா வெச்சது எந்தப் படம்னு நினைக்கிறீங்க? ஹோம்மா படம்தான்.

சாம்பல்நிறப்பூனை
கோடு விழுந்ததுக்கு ஷேடு மட்டும் காரணமில்ல. வெளிர் ஷேடுல வெள்ளை நிறமி, டைட்டானியம் டை ஆக்சைடு, நிறைய. மேல ரோஸ் சாயல் வேற. நம்ம மாநிறத்துக்கு அடியில மஞ்சளும் பச்சையும் ஓடும். ரெண்டும் சேர்ந்தா சாம்பல்தான். மேடை லைட்டுல இன்னும் மோசம். மணிக்கட்டுல தேய்ச்சுப் பார்த்து வாங்காதீங்க. தாடையில மூணு ஷேடு பக்கத்துல பக்கத்துல கோடு போட்டு, பத்து நிமிஷம் விட்டு, கடைக்கு வெளிய வந்து வெயில்ல பாருங்க. காணாமப்போற கோடுதான் உங்க ஷேடு. கண்ணுக்குக் கீழயும் வாயைச் சுத்தியும் முதல்ல ஆரஞ்சு கரெக்டர், அரிசி அளவு போதும். குஷனைத் தேய்க்கக்கூடாது, தட்டணும்.

அடுத்து ஏக்யோ சால். கண்ணுக்குக் கீழ அந்தச் சின்ன உப்பல். இங்க பாதிப் பேர் அதைக் கருவளையத்து மேல வரையறாங்க, பாக்கிறதுக்கு மூணு நாள் தூங்காத மாதிரி ஆயிடுது. சிரிச்சுப் பாருங்க. இமைக்கு ஒட்டினாப்புல 3, 4 மில்லிமீட்டர் பொங்கும். அது மட்டும்தான். அதுல வெள்ளி ஷிம்மர் போட்டா விபூதி, பீச் கலந்த தங்க நிறம்னா சரி. நிழல் கோட்டை உப்பலுக்குக் கீழ செம்பழுப்புல, முடி கனத்துக்கு. உதட்டு ஓரத்தைக் கன்சீலரால மறைச்சு உள்ள மட்டும் டின்ட் வெச்சாலும் நம்ம உதட்டுல சாம்பல் பூக்கும். ஓரத்துக்கு உதட்டு நிறத்துலயே பழுப்பு, உள்ள நாவல்பழ நிறம், நடுவுல விரலால கலைச்சு விடணும். இமை டேப் வாங்கவே வேண்டாம். இங்க முக்காவாசிப் பேருக்குப் பிறவியிலயே இரட்டை மடிப்பு.

கடலைமிட்டாய்
பூனை, யாரும் டிப்ஸ் கேக்கல. ஆனா விபூதி சரி.

தாவணி2.0
எல்லாரும் கொரியாவுலயே நிக்கிறீங்க. கேட்ஸ்ஐங்கிற பல நாட்டுப் பெண்கள் குழு 2024 ஜூன்ல அறிமுகமானதுல இருந்து இங்க பேச்சு வேற. அதுல இருக்கிற லாரா ராஜ் தமிழ் வம்சாவளிப் பொண்ணு, மேடையில பொட்டு வெச்சுக்கிட்டு ஆடறா. அதுக்கப்புறம் ஒரு ஒத்திகையில பார்த்தது: வீட்டு வாசல்ல இறங்கினதும் பொட்டை எடுத்துப் போன் கவர்ல ஒட்டி வெக்கிற பொண்ணு, அன்னைக்கு அதே பொட்டை உரிச்சு நெத்தியில வெக்கிறா. அம்மா சொன்னப்ப பழசு. லாரா வெச்சா லுக். அம்மா பாவம்.

வெச்சது ரெண்டாவது பாட்டுல விழுந்துச்சு. சன்ஸ்க்ரீன், ப்ரைமர்ல சிலிகான் இருந்தா ஸ்டிக்கர் பசை பிடிக்காது, வேர்வை மிச்சத்தை முடிச்சிடும். நெத்தியில ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை எதுவும் பூசாம விடணும். டோனரால துடைச்சுக் காயவிட்டு, பொட்டுக்குப் பின்னால இமைப் பசை, அதான் பொய் இமை ஒட்டறது, ஒரு புள்ளி. முப்பது செகண்ட் கழிச்சுப் பிசுபிசுன்னு ஆனதும் வெச்சு, பத்து எண்ணற வரைக்கும் அழுத்தணும். பசையில லேடக்ஸ் இருக்கலாம், அது ஒத்துக்காதவங்க முந்தின நாளே கையில வெச்சுப் பார்த்துடுங்க.

ஒற்றைப்பின்னல்
மணப்பாறை சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கலாம். படத்தை எப்படிப் பூசி மெழுகறாங்கன்னு தெரிஞ்ச பசங்க, ஏமாளி இல்லதான். ஆனா அந்தச் செய்முறை தெரிஞ்சா அதுல இருந்து விடுதலைன்னு யார் சொன்னா? மாமாமூ குழுவுல பாடற ஹ்வாசாவை ஏன் பிடிக்கும்னு கேட்டா, "அவ யாரு மாதிரியும் இல்ல"ன்னுதான் முதல்ல வரும். லெ செராஃபிம் கசுஹாவோட வயித்துத் தசையைக் காட்டி "இதுதான் உடம்பு"ங்கறாங்க. எறும்பிடுப்பு போய்த் தசை வந்தது நல்லதுதான், ஆனா அந்தத் தசையும் ஒல்லி உடம்பு மேலதான் இருக்கணும். அந்தக் கணக்கு மாறல.

பார்த்தது: மொட்டை மாடியில வீடியோ எடுக்கறாங்க. குள்ளமான பொண்ணை நடுவுல நிறுத்தி, போனை ட்ரைபாட்ல தலைகீழா மாட்டி, லென்ஸ் முழங்கால் உயரத்துல, 0.5 ஜூம்ல. கால் நீளமா ஆயிடுச்சு. ஓரத்துல நின்ன ரெண்டு பேர் கை அகலமா இழுத்துக்கிச்சு. வைட் லென்ஸ் ஓரத்தை இழுக்கும். அதைப் பார்த்ததும் ஓரத்துப் பொண்ணு, "நான் இனி ஓரத்துல நிக்கமாட்டேன், குண்டாத் தெரியறேன்"னா. இழுத்தது லென்ஸுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அவதான் ட்ரைபாட் வெச்சவ.

சாம்பல்நிறப்பூனை
முழங்கால் தப்பு, முகம் சின்னதாகி தாடை பெருசாத் தெரியும். இடுப்பு உயரத்துல வெச்சு, 1-ல, நாலு அடி பின்னால தள்ளி எடுக்கணும். ஓரத்துல இருக்கிறவங்களுக்கும் பக்கவாட்டுல ஒரு அடியாவது இடம் விடணும்.

ஒற்றைப்பின்னல்
மொட்டை மாடியில நாலு அடி பின்னால போனா தண்ணி டேங்க்.

மணப்பாறைமுறுக்கு
சரி, அந்தக் கழுத்து என்ன ஆச்சு?

கடலைமிட்டாய்
கழுத்துல பூசினா வெள்ளைக் காலர்ல அப்பிக்கும்னு பயம். கடைசியில சோக்கர் கட்டிவிட்டாங்க. கோடு சோக்கருக்கு ரெண்டு விரல் மேலயே நின்னுச்சு.