புளி குடோனில் ஊக்கத்தொகை: ஆளுக்கா, கூட்டத்துக்கா?

பழையபேட்டைக்காரன்: நேற்று ஒருவர் இங்கே எழுதினார்: "குழு ஊக்கத்தொகை என்பது சோம்பேறிக்குப் போடும் சோறு. ஆளாளுக்குத் தனியாகக் கொடு. 1899லேயே டெய்லர் என்ற அமெரிக்க எஞ்சினியர் நிரூபித்தாயிற்று." அதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில் நாளைக்கு ஆளுக்கு 12.5 டன் இரும்பு ஏற்றிய இடத்தில் ஒருவரை 47.5 டன் ஏற்ற வைத்தார், நாள் கூலி 1.15 டாலர் 1.85 ஆனது. சரி. 8 பேரில் ஒருவரால்தான் அது முடியும் என்று எழுதியதும் அதே டெய்லர்தான். மீதி 7 பேர்?

ஓசூர்_ஷிப்ட்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? 7 பேருக்கும் வேறு வேலை கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 1913ல் சொன்னதையும் படியுங்க. 8 பேர் சேர்ந்து கயிறு இழுத்தால் மொத்த பலத்தில் பாதிதான் வெளியே வரும். உங்கள் குழுவின் லட்சணம் அது.

பழையபேட்டைக்காரன்: ஊக்கத்தொகை கொடுத்தா இழுக்கச் சொன்னார்? நான் கேட்டது கயிறு இல்லைங்க. 7 பேர்.

நல்லம்பள்ளி_அக்கா: நான் புளி தட்டுகிறவள். எங்கள் குடோனில் ஒருத்தி ஓடு உடைப்பாள், ஒருத்தி நார் உரிப்பாள், நான் கொட்டை எடுப்பேன். தராசில் ஏறுவது என் கூடை மட்டும். தனித்தனி என்றால் ஓடு உடைத்தவளுக்கு என்ன காசு? போன வருஷம் ஆளுக்குக் கிலோ கணக்கு என்றார்கள். அவசரத்தில் பாதிக் கொட்டையை உள்ளேயே விட்டு எடை போட்டோம். சொல்ல வெட்கம்தான்.

ஓசூர்_ஷிப்ட்: அக்கா, அது திருட்டுங்க. முறையைக் குறை சொல்லாதீங்க. எங்கள் லைனில் கேமரா இருக்கிறது.

பழையபேட்டைக்காரன்: கேமரா வந்து கொட்டை எண்ணுமா? கலிஃபோர்னியாவில் நாபா என்ற ஊரில் ஒரு தையல் ஆலை, ஆளாளுக்குத் தைத்த எண்ணிக்கைப்படி கூலி தரும் பீஸ் ரேட்டை விட்டுக் குழுக் கணக்குக்கு மாறியது. உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் கூடியது. குழுவுக்கு முதலில் ஓடிப்போனது யார்? வேகமாகத் தைத்தவர்கள்! சோம்பேறிக்குச் சோறு என்றீரே, இதற்கு என்ன சொல்கிறீர்? அப்புறம் அந்த 7 பேர்.

பர்கூர்_கிரானைட்: ரெண்டும் வேண்டாம்பா. தீபாவளிக்கு 8.33 சதவீத போனஸை ஒழுங்காகக் கொடுத்தாலே போதும்.

ஓசூர்_ஷிப்ட்: போனஸ் வேறு, ஊக்கத்தொகை வேறு. இவருக்கு எதுவும் பிரியாது. பெங்களூராவும் கிளிமூக்கும் வேற வேற மாங்காய் என்று போன மாசம் சண்டை போட்டவர்தானே.

பர்கூர்_கிரானைட்: யோவ், ரெண்டும் ஒன்று என்றது நான்! வேற என்றது நீர்!

பழையபேட்டைக்காரன்: மாங்காயை விடுங்க. 7 பேர் எங்கே?

ஓசூர்_ஷிப்ட்: சொல்லியாச்சு. வேறு வேலை. கண் தெரியவில்லையா? ஓசூருக்கு வந்து ஒரு ஷிப்ட் நின்று பாருங்க, அப்புறம் பேசலாம்.

பழையபேட்டைக்காரன்: எந்த வேலை? என்ன கூலி? அதைச் சொல்லவில்லையே.

நல்லம்பள்ளி_அக்கா: எடை போடக் கூப்பிடுகிறார்கள். வரேன்.

பர்கூர்_கிரானைட்: மாங்காய்ப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யார் சொன்னது என்று இங்கேயே போடுகிறேன், இருங்க.